இரண்டு பாக்கெட் பால்

தன் கடைக்குத் தினமும் வந்து கடலை மிட்டாய் வாங்கிப் போகிற வேணுகோபாலுக்குச் சர்க்கரை வியாதி என்பது மூன்றாம் வருடம்தான் உமாதேவிக்குத் தெரிந்தது. அவர் டவுன் பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். மிட்டாயையெல்லாம் தின்று கண்டக்டர்தான் குண்டாகிக்கொண்டிருந்தார்.

"பொறவு என்னத்துக்கு வாங்குதீங்க?"

"கடைக்கு வேற என்ன சொல்லிட்டு வர?"

அன்று எள்ளுருண்டை கேட்டவர்களுக்கெல்லாம் உமாதேவி சேவு கட்டிக் கொடுத்தாள்.

கணவர் இறந்து பத்து வருடம். வேணுகோபால் வேறு சாதி. அவருடைய ஆட்கள் இன்னும் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறார்கள். அண்ணன் அய்யாத்துரைக்குத் தெரிந்தால் வீடு ரெண்டுபட்டுவிடும். "மொதல்ல மகளக் கட்டிக் குடுக்கணும். அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்" என்று வேணுகோபாலிடம் சொல்லிவிட்டாள். அவரும் பேசவில்லை. மிட்டாய் மட்டும் வாங்கினார்.

மகள் சத்யபிரியாவைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, காபிக்குக் காய்ச்சிய பால் திரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து சத்யபிரியா யாருக்கோ போன் போட்டாள். கால் மணி நேரத்தில் காக்கிச் சட்டையோடு வேணுகோபால் வாசலில் நின்றார், கையில் இரண்டு பாக்கெட் பால்.

"இவிய யாரு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சுகுணா.

"பால்காரர்" என்றாள் உமாதேவி, அவசரமாக.

"காக்கிச் சட்டையிலயா?"

"கவர்மெண்டுப் பாலும்மா" என்றார் வேணுகோபால்.

மாப்பிள்ளை மணிகண்டபிரபு சிரித்துவிட்டான். சத்யபிரியா சிரிக்கவில்லை. "இவிய எங்கம்மா கட்டிக்க ஆசப்படுதவிய. எனக்காகத் தள்ளிப் போட்டிருக்கா."

மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்திருந்த அய்யாத்துரை எழுந்தார். "உமா, இல்லன்னு சொல்லு."

ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். உமாதேவி வாயைத் திறந்தாள். ஒரு பாக்கெட் ஒழுகி வேணுகோபாலின் ஷூவில் சொட்டுவது தெரிந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்.

"சொல்ல வரலண்ணே."

அய்யாத்துரை யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வெளியேறினார். மாப்பிள்ளை வீட்டார் காபி குடிக்காமலே போனார்கள்.

"ஏட்டி, ஒன் வாழ்க்கையக் கெடுத்துட்டேனே" என்று ஒரு வாரம் அழுதாள் உமாதேவி. எட்டாம் நாள் மணிகண்டபிரபு தனியாக வந்தான்.

"எங்கம்மா சரின்னுட்டா அத்தை. ஆனா ஒங்க கல்யாணம் மொதல்ல நடக்கணுமாம். எங்க கல்யாணத்துல பொண்ணுக்கு அப்பா எங்கன்னு யாரும் கேக்கக் கூடாதாம்."

உமாதேவி வெட்கத்தில் அடுப்படிக்குள் போய்விட்டாள். சத்யபிரியாதான் தேதி கேட்டாள்.

பதிவாளர் அலுவலகத்துக்கு அய்யாத்துரை வரவில்லை. அவர் மனைவி பத்திரகாளி மட்டும் புருஷனுக்குத் தெரியாமல் வந்து, பின்னால் ஒதுங்கி நின்றாள். உமாதேவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.