சிவப்பு மஞ்சள் ஜக்கெற்

மாலை வகுப்பின் பிரெஞ்சு ஆசிரியை கேட்டது மூன்று குரல்கள். இந்த நாட்டிலேயே வளர்ந்த மூன்று பேரை பிரெஞ்சில் பேட்டி கண்டு, போனில் பதிந்து, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இதே வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். தாதி உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பிப்பது மே மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

சித்தியின் மகன் றொக்சன் கோட்-டெ-நெய்ஜில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

"சனிக்கிழமை புட்போல் மட்ச் அக்கா. ஆயிரக்கணக்கில சனம் வரும். வாங்கோ, கதைக்க ஆளில்லாமல் போகாது" என்றான்.

விளையாட்டுத்தானே என்று நாங்கள் இருக்கும் லாசால் பகுதி விளையாட்டுக் கழகத்தின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனேன். சிவப்பில் மஞ்சள் கோடுகள்.

மைதானத்தின் கார் தரிப்பிடம் முழுக்க நீலம், றொக்சனின் பல்கலைக்கழக அணியின் நிறம். கார்களின் பின்கதவுகளைத் திறந்துவைத்து இறைச்சி சுட்டார்கள், பியர் குடித்தார்கள். முகங்களும் நீலம். 12.10க்கு முதலாவது 'ஊ' என்ற கேலிக் கூச்சல் கேட்டது. எனக்கென்று நினைக்கவில்லை. பொன்ஜூர் சொல்லி ஒருவனிடம் போனை நீட்டினேன். அவன் கையிலிருந்த பியரை என் சப்பாத்தில் ஊற்றி, "வீட்டுக்குப் போ!" என்றான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எந்த வீட்டைச் சொன்னான் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

றொக்சன் ஓடிவந்தான். "ஐயோ அக்கா, இது கெபெக் நகரக்காரரின்ர கலர்! இண்டைக்கு அவங்களோடதான் மட்ச். கழட்டுங்கோ!"

"உள்ளுக்கு மெல்லிய சட்டைதான். குளிருதடா."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன். அவனுடைய சிநேகிதி ஒருத்தி பிரெஞ்சில் கேட்டாள்: "அந்தச் சிவப்புக்காரி உன்னோடு வந்தவளா?"

"இல்லை. யாரென்றே தெரியாது" என்றான் றொக்சன். பிறகு அவளோடு சேர்ந்து என்னைப் பார்த்து 'ஊ' என்றான்.

ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. எட்டு மாதப் படிப்பில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

வாசலில் நின்ற காவலாளி இரண்டு நிமிடம் பேசினார். எதிரணியின் ரசிகையான கிழவி ஒருத்தி, தங்கள் ஆளென்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்து நிறையப் பேசினாள். நான் இந்த ஊர், லாசால் என்றதும் கையை எடுத்துவிட்டாள். இரண்டு குரல்கள். வேறு யாரும் நின்று பேசவில்லை.

4.40க்கு மெட்ரோ வாசலில் றொக்சன் வந்தான். நீல அணி தோற்றிருந்தது.

"கோவியாதேங்கோ அக்கா. அவள் என்ர சிநேகிதர் செற். எத்தினை பேர் கிடைச்சவை?"

"ரெண்டு."

"மூண்டாவதா என்னைப் போடுங்கோ. நான் இங்க பிறந்தனான்தானே."

பதிவை அழுத்தினேன். பிரெஞ்சில் கேட்டேன்: "இன்று யாருடன் வந்தீர்கள்?"

அவன் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான். நீல ஜக்கெற்காரர் நாலைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடந்து போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல, "என் அக்காவுடன்" என்றான்.

வீட்டில் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் பதினொரு விநாடி. என் உச்சரிப்பு பிழையாக இருந்து அவனுக்கு விளங்காமல் போயிருக்கலாம் என்றும் யோசித்தேன். நாலாவது தடவை கேட்காமல் அழித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு குரல்களைத்தான் கொடுத்தேன். ஜனவரியில் அதே வகுப்பு, அதே ஆசிரியை.