திறக்கக் கூடாத ஜாடி

ஆய்வுக்கூட டாக்டர் ரதோய்காவுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. அவள் வீட்டு அடுப்பில் கேக் எழும்பியதே இல்லை. அடைகாத்த முட்டைகளை அவள் ஒருமுறை எட்டிப் பார்த்ததில், வெளியே வந்த குஞ்சு திரும்ப ஓட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மொராவா ஆற்றங்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவளிடம் வந்து சேர்ந்ததோ, காற்றுப் பட்டால் செத்துப்போகும் கிருமி. வளரவும் வாரக்கணக்காகும்.

அது குடியிருந்தது வுகாஷின் என்பவரின் வயிற்றில். பிளம் சாராயம் காய்ச்சுகிற மனிதர். குடல்வால் எடுத்துத் தைத்த இடம் சில மாதம் கழித்துக் கல்லாக இறுகி, ஓட்டை விழுந்து, சீழ் கசிந்தது. சீழில் மஞ்சள் மணிகள்.

"புத்துநோய்தான். குடலை வெட்டி, வயித்துல பை மாட்டிடலாம்" என்றார் அறுவை டாக்டர் ஒப்ராத்.

"அந்த மணியைப் பாத்தா கிருமின்னு தோணுது. பென்சிலினே போதும்" என்றாள் ரதோய்கா.

"வளத்துக் காட்டு. மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன்."

சீழைத் தட்டில் தடவி, காற்றை அகற்றிய ஜாடியில் வைத்து மூடினாள். மறுநாளே திறந்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது ஜாடியும் அவள் கையாலேயே போனது.

மூன்றாவதைச் சூடுபெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வுகாஷினிடம் நீட்டினாள். "அண்ணே, நான் அழுது கேட்டாலும் தராதீங்க."

சாயங்காலமே வந்து நின்றாள். "அண்ணே, ஒரே ஒரு தடவை..."

"போம்மா. உள்ள இருக்கறது என் குடலு."

ரதோய்காவுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. அவள் நடந்த நடையில் தாழ்வாரத் தரை தேய்ந்து கீழ்த்தள நோயாளிகளின் வழுக்கை தெரிந்தது. ஒப்ராத்தும் சாவி கேட்டுப் பார்த்தார். வுகாஷின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மாதக் கடைசியில் மூவரும் சேர்ந்து திறந்தார்கள். தட்டில் கடைவாய்ப் பல் போல வெள்ளை வெள்ளையாய் முளைத்திருந்தது. ஒப்ராத் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சரி, வெட்டல."

"ஊசி எத்தனை நாளும்மா?" என்றார் வுகாஷின்.

"ஒரு மாசத்துக்கு மேல. அப்புறம் மாத்திரை. ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"ஒரு வருஷமா! ஒப்ராத் டாக்டரே, அந்தக் கத்தி எங்க?"

ரதோய்கா முதல் ஊசியை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"திரும்பிப் படுங்க அண்ணே."