நிப்பாட்டவா சார்?

மேலே எங்கோ ஒரு சக்கரம் முனகியது. கப்பலிலிருந்து அடுத்த கன்டெய்னரைத் தூக்கக் கிரேன் தயாராகிக்கொண்டிருந்தது. கடைசி நாள் வேலை. காதில் விழாத மாதிரி போயிருக்கலாம். ஜெபிஷாவுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் இன்ஜினியர் அவள். கோளாறு என்றால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டு, பேச்சளவில். அவள் சொன்னதும் மேலே கேபினிலிருந்து ஆபரேட்டர் மாடக்கண்ணு மேனேஜரைக் கேட்பார்: “மேடம் நிப்பாட்டச் சொல்லுதாவ. நிப்பாட்டவா சார்?” ஏசினாலாவது சண்டை போடலாம். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேனேஜர் கிருபாநிதி டீயைக் குடித்துவிட்டு “ம்” என்பார். அந்த ‘ம்’ வந்தால்தான் கிரேன் நிற்கும்.

மகள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவது சம்பளத்துக்காக என்று சொந்த ஊரான நாசரேத் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார் அவள் அப்பா தனராஜ் வாத்தியார். சம்பளமும்தான், பொய் சொல்வானேன்? ஆனால் நேர்முகத் தேர்வின் முடிவில், கேட்க ஏதாவது உண்டா என்றாள் திரையில் இருந்த ராட்டர்டாம் அதிகாரி. “நான் நிறுத்தச் சொன்னால், யாரைக் கேட்டு நிறுத்துவார்கள்?” என்று கேட்டாள் ஜெபிஷா. அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொல்லும்போது ஜெபிஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

“அண்ணாச்சி, நிப்பாட்டுங்க.”

வாக்கிடாக்கி இரைந்தது. வழக்கமான கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நிப்பாட்டியாச்சு மேடம்.”

அவ்வளவுதான். ‘சார்’ என்ற சொல்லையே காணோம்.

பழுது பார்க்க மேலே ஏறிய பிட்டர்கள், சக்கரத்தின் உடைந்த பேரிங்கோடு இறங்கினார்கள். கிருபாநிதி டீயைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். “இனிமே உங்க பேச்சுதாம்மா. இருந்துருங்க.”

ஜெபிஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டுப் போவதில் தனி ருசி இருக்கத்தான் செய்கிறது. “அடுத்து வாரவ சொன்னாலும் நிக்கணும் சார்,” என்றாள்.

மாடக்கண்ணு இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். “உங்க வாக்குக்கு ஒரு தடவையாவது நிக்கணும்லா... அங்கன சொன்னா நிக்குமா மேடம்?”

“நிக்கும் அண்ணாச்சி. கேட்டுட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன்.”

துறைமுகக் கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். அவள் நிறுத்திய கிரேன், அவள் சொன்ன இடத்திலேயே, கடல் பக்கமாகக் கையை நீட்டியபடி நின்றது.