கழுத்துக்கு மேலே வேர்வை

அருளப்பனுக்கு நன்மரண ஜெபம் சொல்ல உபதேசியார் ஞானசிகாமணி வந்தது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அருளப்பன் சாகவில்லை. இந்தத் தடவையாவது ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சாகப்போகிறவனுக்கு முகத்தில் குளிர்ந்த வேர்வை கொட்டும் என்பது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அருளப்பனுக்குத் தலையணை நனைந்து சொட்டியது. அதனால் தலையணையை உருவிவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்து, கம்பளி போர்த்தி, நெஞ்சில் பாடுபட்ட சுரூபச் சிலுவையை வைத்திருந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து நின்றார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் குமுளி மலைப்பாதையில் அவன் ஓட்டிய ஜீப்பு உருண்டு கழுத்து முறிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து, மூத்திரம் போகக் குழாய் போட்டு, கட்டிலுக்கடியில் பாட்டில் ஒன்றை வைத்து அனுப்பிவிட்டார்கள். கைகால் அசையாது, தொட்டாலும் தெரியாது. தொட்டால் தெரிகிற இடம் முகமும் கழுத்தும்தான். வேர்க்கிற இடமும் அதேதான்.

இப்போது ஜெபத்துக்கு நடுவில், தலைக்குள் இடித்த வலியில் அவனுக்குக் கண் இருண்டது. ஆனாலும் டிரைவர் புத்தி போகுமா? வண்டி கொதித்தால் தண்ணீர் போகிற ஹோஸ் எங்கே மடங்கியிருக்கிறது என்றுதானே பார்ப்பான். "குழாயப் பாருங்க" என்றான். மூச்சுப் பலம் இல்லாத குரல், ஜெபச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

"பேசாத அருளப்பா, மனச ஆண்டவர்கிட்ட வையி" என்றார் உபதேசியார்.

வாசலில் நின்ற செல்லப்பாண்டி அவனோடு கம்பம் ஸ்டாண்டில் ஜீப்பு ஓட்டியவன். அவன்தான் அருளப்பனின் உதட்டைப் பார்த்தான். "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. குழாய்ங்கிறான்" என்று உள்ளே வந்து குனிந்தான். கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் குழாய் நசுங்கிக் கிடந்தது. உபதேசியார் எழுந்தால்தான் கட்டிலை நகர்த்த முடியும். ஜெபத்தின் நடுவில் எழுந்திருக்க அவருக்கு மனசில்லை. செல்லப்பாண்டி முக்காலியோடு சேர்த்து அவரை நகர்த்தினான்.

குழாய் நிமிர்ந்ததும் பாட்டில் மளமளவென்று பாதி நிறைந்தது. சற்று நேரத்தில் வேர்வை நின்று, தலைவலி இறங்கியது. கூட்டமும் கலைந்தது.

மறுநாள் குழாய் மாற்ற வந்த கம்பவுண்டர், அருளப்பனின் மனைவி இருதயம்மாளுக்கு விளக்கிச் சொன்னார். "மூத்திரம் அடைச்சாலும் சரி, மலம் இறுகினாலும் சரி, கீழ வலிக்கிறது அவனுக்குத் தெரியாது. ஒடம்பு அத வேர்வையாக் கொட்டிச் சொல்லும். ஒடனே தலையத் தூக்கி ஒக்காரவச்சு, அடைப்பு எங்கனன்னு பாரு. விட்டா மூள நரம்பு வெடிச்சிரும்."

இருதயம்மாள் கெட்டிக்காரி. ஏலத்தோட்ட வேலைக்கு விடிய ஐந்து மணிக்கு ஜீப்பு ஏறுவதற்குள் குழாய், பாட்டில், விரிப்பின் சுருக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். கழுத்துக்குக் கீழே வேர்க்காத உடம்பு வெயிலில் காந்தும் என்று காலில் ஈரத்துணி போடுவாள். பகலில் அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள் வந்து குழாயைப் பார்த்துக்கொண்டாள். வேர்வை அநேகமாக நின்றே போனது.

அதோடு இன்னொன்றும் நின்றது. முன்பெல்லாம் வேர்த்தால் இருதயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை நனைத்து, நெற்றி, கன்னம், காதோரம் என்று துடைத்துக்கொண்டே இருப்பாள். ஏலக்காய் வாசம் அடிக்கிற கை. இப்போது துடைக்க என்ன இருக்கிறது? வந்ததும் குழாயைப் பார்த்தாள், பாட்டிலைக் கொட்டினாள், கஞ்சி ஊட்டினாள், அலுப்பில் தூங்கினாள். நாட்கணக்கில் கரண்டியைத் தவிர வேறெதுவும் அவன் முகத்தைத் தொடவில்லை. இதை யாரிடம் சொல்வது? உயிரோடு இருப்பதே பெரிய காரியம் என்றல்லவா சொல்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலுதட்டில் வேர்வை அரும்பியது. தலைக்குள் இடி ஆரம்பித்தது. ஆரோக்கியம்மாள் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள், படியில் நின்றபடியே கேட்டாள்.

"தம்பி, கொழாய் சரியா இருக்கா?"

ஆறு மணிக்கு ஜீப்பு வந்துவிடும். ஒரு மணி நேரந்தானே.

"இருக்குக்கா" என்றான். அவள் போய்விட்டாள்.

ஆறாகியும் ஜீப்பு வரவில்லை. மலைப்பாதையில் ஓட்டியவன் இதை யோசித்திருக்க வேண்டாமா? வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பயந்துபோய், "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். குரல் கட்டிலைத் தாண்டவில்லை. மண்டை இரண்டாகப் பிளக்கிறது என்றே நினைத்தான்.

டயர் பஞ்சராகி ஜீப்பு வந்தபோது ஆறரை. உள்ளே வந்த இருதயம்மாள் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தலையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். தொடைக்கடியில் மடங்கிக் கிடந்த குழாயை நிமிர்த்தினாள். அவன் மூச்சு நிதானப்படும்வரை பாட்டிலையே பார்த்திருந்தாள்.

"ஆரோக்கியக்கா வரலியா?"

"வந்தாக."

"சொல்லலியா நீக?"

"இல்ல."

"ஏன்? செத்திருப்பீகளே!"

அருளப்பன் கூரையைப் பார்த்தான். "வேர்த்தாத்தான நீ தொடைக்கிற" என்றான்.

அவள் எழுந்து பாட்டிலைக் கொட்டினாள். துண்டை நனைத்துத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமா, அழுகிறாளா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

விடிய நாலே முக்காலுக்கு அவள் குழாய், பாட்டில், விரிப்பு எல்லாம் பார்த்தாள். பிறகு துண்டை நனைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேர்க்கலியே" என்றான்.

"தெரியும்."

நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். காதோரத்துக்கு வரும்போது துண்டைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் கன்னத்தைப் பிடித்தாள். தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தது.

"போயிருவான்டி."

"அடிக்கட்டும்."

மூன்றாவது ஹாரனுக்கு எழுந்து ஓடினாள். ஜீப்பு கிளம்பி, மேட்டில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. மலைக்காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தில் பட்டது. ஈரம் இருக்கிறவரைக்கும் அவள் கை எங்கே இருந்ததென்று அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் அது காய்ந்துவிட்டது.