தவணையில் வந்த லெஃப்டினன்ட்

லெஃப்டினன்ட் ஆம்ப்ரோஸ் டிரெட்கோல்ட் இறந்து முப்பது வருடம் கழித்து, காஸ்போர்ட்டில் பல் மருத்துவர் கிளெமன்ட் பர்கிஸ் வீட்டுக்குத் தவணை முறையில் வந்துசேர்ந்தார். முதலில் வந்தவை கால்கள். முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே கடலில் இருந்தவர்களுக்குக் கொடுத்த வெண்கல நட்சத்திரம் ஒன்றை, பின்பக்கம் டிரெட்கோல்டின் பெயர் பொறித்தது, பர்கிஸ் ஏலத்தில் எடுத்துவந்து இழுப்பறையில் வைத்தார். மறுநாள் காலை, இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு கடற்படை அதிகாரி, மடிப்புக் கலையாத கால்சட்டையோடு சமையலறையில் உலாத்திக்கொண்டிருந்தார். மாலுமிகள் முழுதாகவும் குறையாகவும் வீடு திரும்புவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால்கள் பட்டாணிப் பாத்தியை மிதித்துவிட்டன என்று அடுத்த வீட்டுக்காரி ஒருமுறை குறைப்பட்டாள். அதோடு சரி.

இரண்டு வருடம் கழித்து அவருடைய வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. கழுத்து வரை வந்துவிட்டார். இப்போது கைகள் இருந்ததால் பாத்திரம் துடைத்தார், கம்பளி நூலைப் பிரித்துப் பிடித்தார், அறைக்குள் யாராவது பெண்கள் வந்தால் எழுந்து நின்றார். இப்படி ஒரு ஆண்பிள்ளை கிடைப்பது அபூர்வம் என்று பர்கிஸின் மனைவி ஹெஸ்டர் தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பர்கிஸுக்கு அவருடைய சிலுவைப் பதக்கம் வேண்டும். தீப்பிடித்த கப்பலின் கொதிகலன் அறைக்குள் இறங்கி, நீராவிக் குழாயை அடைத்து, கப்பலையே காப்பாற்றியதற்காக டிரெட்கோல்டுக்குக் கொடுத்த வெள்ளிச் சிலுவை. அந்தக் காலத்தில் சிலுவையில் பெயர் பொறிக்க மாட்டார்கள் என்பதால், இதுதான் அவருடையது என்று நிரூபிக்க பர்கிஸ் எட்டு வருடம் லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தார். நோயாளிகளின் வாயைத் திறந்து வைத்துவிட்டு, அந்தத் தீயைப் பற்றியே பேசுவார். கடைசியில் சிலுவை வந்தது. மறுநாள் காலை உணவு மேசையில் அவர் கழுத்துக்கு மேலே தலையும் இருந்தது.

தலை வந்த பிறகுதான் தொல்லை. முட்டையை உடைத்துக்கொண்டே டிரெட்கோல்ட் சொன்னார்:

“அந்தச் சிலுவை என்னோடது இல்ல டாக்டர். உள்ள இறங்கினவன் டன்னேஜ். கரி அள்ளிப் போடுறவன். நான் மேல வாளிக்குள்ள வாந்தி எடுத்துட்டிருந்தேன்.”

ஆவணம் அப்படிச் சொல்லவில்லை என்றார் பர்கிஸ்.

“எப்படிச் சொல்லும்? கேப்டன் செத்துட்டார். அறிக்கை எழுதினது நான்தானே.”

பர்கிஸ் அன்று முழுக்கப் பல் பிடுங்கவில்லை. அடுத்த மாதம் பதக்கச் சேகரிப்பாளர் சங்கத்தில் அந்தச் சிலுவையைப் பற்றி அவர் கட்டுரை படிப்பதாக அழைப்பிதழே அச்சடித்தாகிவிட்டது. வயதானவருக்கு ஞாபகம் பிசகும் என்றார். இறந்தவருக்கு இன்னும் பிசகும் என்றார். டிரெட்கோல்ட் வாதாடவில்லை. தினமும் காலையில் டன்னேஜின் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். வாரக்கணக்கில் இதைக் கேட்ட ஹெஸ்டர் ஒருநாள் தட்டைக் கீழே வைத்தாள்.

“இத்தன வருஷமா இந்த மனுஷனத் தேடி அலைஞ்சீங்க. இப்ப அவரே வந்து உக்காந்து சொல்றாரு, காது குடுக்க மாட்டேங்கறீங்க. அப்புறம் எதுக்குத் தேடினீங்க, கிளெமன்ட்?”

பர்கிஸ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மேல்மாடிக்குப் போய்ச் சிலுவையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

டன்னேஜைத் தேடி மூன்று பேரும் படகேறி போர்ட்ஸ்மத் போனார்கள். டன்னேஜ் எப்போதோ இறந்துவிட்டிருந்தார். மகள் வினிஃப்ரெட் துறைமுகத்தை ஒட்டி மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். டிரெட்கோல்ட் தொப்பியைக் கழற்றி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அடுப்பில் ஒரு மீன் கருகியது.

“அப்பாவுக்கு ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் தழும்பு. கேட்டா, டீ கொட்டிருச்சுன்னுதான் சொல்வாரு,” என்றாள். கருகிய மீனை எடுத்துப் போட்டுவிட்டு, “எவ்வளவு டீய்யா அது,” என்றாள்.

டிரெட்கோல்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பர்கிஸ் சிலுவையை எடுத்து அவள் கையில் வைத்தார். திரும்பும் படகில் பாதித் தூரம் வந்த பிறகுதான், லெஃப்டினன்டுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தார்கள். தலை சிலுவையோடு மீன் கடையிலேயே தங்கிவிட்டது.

பர்கிஸ் கட்டுரையைத் திருத்தி எழுதிப் படித்தார். ஆதாரம் கேட்டார்கள், தலையே சொன்னது என்றார். இறப்புக்குப் பிந்திய வாய்மொழி செல்லாது என்று சங்கம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, மரப்பு ஊசி போட்டுக் காத்திருப்பவர்கள் படிக்கும்படி பல் நாற்காலிக்கு எதிரே மாட்டினார்.

தலை வினிகர் புட்டிகளுக்கு நடுவே அலமாரியில் இருக்கிறது. மீன் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் டன்னேஜின் கதையைச் சொல்கிறது; வரவர தீயின் உயரம் கூடிக்கொண்டே போகிறது என்று வினிஃப்ரெட் அலுத்துக்கொள்கிறாள், ஆனால் நிறுத்தச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பர்கிஸ் தம்பதி மீதி உடம்பைப் படகில் அழைத்துப் போகிறார்கள். தலை மேலே பேச, கைகள் கீழே மீன் பொட்டலம் கட்டுகின்றன. படகில் சீட்டுக் கிழிப்பவர் முதல் வாரம் கொஞ்சம் தயங்கினார். பிறகு, தலை இல்லாதவருக்குச் சிறுவர் கட்டணம் போதும் என்று முடிவு செய்தார். இன்றைக்கும் அதுதான் கட்டணம்.