நுகேகொடைத் துணிக்கடை

...விட்டால் எகிறும், எகிறினால் புதுச் சிவப்புப் பெயின்ரில் கீறல் விழும், அதனால் இரண்டு உள்ளங்கையாலும் குரோம் பீடிங் பட்டியைக் காரின் பக்கத்தோடு அழுத்திக்கொண்டு நின்றேன், குண்டு வெடித்தபோதும் அப்படியேதான், கராஜின் கூரைத் தகரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது, பிறகு வெள்ளவத்தை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது போல... எங்கே? எந்தப் பக்கம்? இந்தப் பழைய எம்.ஜி. காருக்குப் பீடிங் பூட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருவன் வெளியே நின்று அழுத்த வேண்டும், மற்றவன் டிக்கிக்குள் தலையை விட்டு உள்ளிருந்து நட்டை இறுக்க வேண்டும், ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது. உள்ளே பியசேன. சிங்களவன், ஆனால் நல்லவன் என்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டைக் கைகாட்டிவிட்டவனும் நத்தாருக்கு எங்கள் கேக் தின்றவன்தான்.

ஒழுங்கையில் எவனோ சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடினான், கோட்டை, கோட்டையில் குண்டு என்று. கையில் வியர்த்து பீடிங் வழுக்கியது, திரும்பவும் அழுத்தினேன். என் மகள் செலீனுக்கு வேலை அந்தக் கொழும்புக் கோட்டையில்தான், கப்பல் கொம்பனி ஒன்றில் ரைப் அடிக்கிறாள், மேல்மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்று பெருமையாகச் சொல்லுவாள், காலையில்கூட, பப்பா உங்கட சேர்ட்டுக்குப் பொத்தான் தைச்சு வச்சிருக்கன், பார்க்காம பழசைப் போடாதேங்கோ என்றாள், நான் பழசைத்தான் போட்டு வந்தேன். கண்ணாடி... கண்ணாடியோரமா இருப்பாள், உள்பக்கமா? ஏன் அதை நான் ஒருநாளும் கேட்கவில்லை?

டிக்கிக்குள்ளிருந்து பியசேனவின் குரல் தகரப்பேணிக்குள் கதைப்பது போல வந்தது. "பாஸ், பய வென்ட எபா, பயப்பட வேணாம். வெடிச்சது கோட்டைதானே. உங்கட துவ, மகள், நுகேகொடையில நல்லா இருப்பா. எவளோ ஒரு நோனாவுக்குச் சாறி விரிச்சுக் காட்டிக் கை நொந்து போயிருப்பா, அவ்வளவுதான்." சிரித்தான்.

ஓம், நுகேகொடையில் துணிக்கடை என்று நான்தான் சொன்னேன். மகள் எங்கே வேலை என்று அவன் கேட்டான், சொன்னேன். வீட்டுக்காரனுக்கும் அதையேதான் சொன்னேன். தமிழ்ப் பெட்டை தினமும் கோட்டைக்குப் போய்வருகிறாள் என்று எதற்காக எவனுக்கும் தெரிய வேண்டும்? இன்றைக்குச் சும்மா கேட்பவன் நாளைக்கு எங்கேயாவது சும்மா சொல்லுவான். பிழையென்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் இப்போது... அவளை எவன் போய்க் கோட்டையில் தேடுவான்? நான் போகலாம், தமிழர் இருக்கிற கொட்டாஞ்சேனை விலாசம் போட்ட அடையாள அட்டையோடு, தடக்குப்படுகிற சிங்களத்தோடு, பம்பலப்பிட்டி தாண்டமுன் ஆமி ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். இவனிடம் உண்மையைச் சொன்னால்? ஏன் மறைச்சீங்க பாஸ் என்று கேட்பான். குண்டு வெடித்த நாளில், குண்டு வெடித்த இடத்தில், தகப்பனே ஒளித்துவைத்த பெட்டை. அவளைப் புலியென்று பிடிக்க அந்த ஒரு வார்த்தை போதாதா?

"கொஞ்சம் கீழ அழுத்துங்க, பாஸ்."

அழுத்தினேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்? உள்ளே நட்டு கிறீச் கிறீச்சென்று ஏறியது.

பியசேன வெளியே ஊர்ந்து வந்து, கையைச் சாரத்தில் துடைத்து, என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு இல்லை. "நான் மோட்டார்சைக்கிள்ல போய்க் கூட்டிக்கொண்டு வாறன். நீங்க ரோட்டுக்கு இறங்க வேணாம். இந்த மூஞ்சியோட போனா, வெடி வச்சது நீங்கதான் எண்டு பிடிப்பானுகள்."

"பியசேன..."

"என்ன, பாஸ்?"

வாயைத் திறந்தேன். கோட்டை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "நட்டு... இறுகிட்டுதா?" என்றேன்.

"இறுகிட்டுது. கையை விடுங்க."

அவன் போய்விட்டான். நான் கையை விடவில்லை, பீடிங் அசையாமல் நிற்கிறது, இருந்தும் அழுத்திக்கொண்டுதான் நிற்கிறேன், ஒழுங்கை முடிவில் மோட்டார்சைக்கிள் மெதுவாகி நிற்பது கேட்கிறது... நுகேகொடைக்கு இடப்பக்கம் திரும்பிப் பாமன்கடையால் போக வேண்டும், சத்தம் வலப்பக்கம் திரும்பி காலி வீதிக்கு ஏறுகிறது, அப்போதுதான் உறைக்கிறது, துணிக்கடையின் பெயரை அவன் கேட்கவேயில்லை. அது பொய்யென்று எவ்வளவு காலமாகத் தெரியும் அவனுக்கு? காலி வீதியால் போனால் கோட்டை... ஆனால், கைகாட்டிவிடப் போகிறவனுக்கு, சந்தியிலுள்ள ஆமிச் சோதனைச்சாவடியும் அந்தப் பக்கம்தானே.