டிவியில் வந்த கை

“அத்தே, அந்த அக்காவுக்கு உன் கை எப்பிடி வந்துச்சு?”

டிவியில் காதல் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் கேட்டாள். செவ்வந்தி சிரித்துக்கொண்டாள். போன மாதம் ரிஷிவந்தியம் பக்கம் எடுத்த நாடகம் அது. கதாநாயகிக்கு நாற்று நடத் தெரியவில்லை. கதாநாயகனின் நகமோ பளபளவென்றிருந்தது. அதனால் கைகள் மட்டும் தெரியும் காட்சிக்கு, நடவுக்கு வந்த செவ்வந்தியையும் டிராக்டர் ஓட்டும் சின்னதுரையையும் உட்கார வைத்தார்கள்.

அவள் உள்ளங்கையில் அவன் முள் எடுப்பதுபோல் நடிக்க வேண்டும். அவள் கையில் நிஜமாகவே ஒரு கருவேல முள் ஒடிந்து தங்கியிருந்தது. மூன்றாவது தடவை நடித்தபோது அதைக் கண்டுகொண்ட சின்னதுரை பதமாக எடுத்துவிட்டான்.

“இன்னா, வலிக்குதா?”

“சும்மா இருங்க, படம் புடிக்கிறாங்க.”

“கையத்தானே புடிக்கிறாங்க? வாய் என்னுதுதானே!”

சிரிப்பில் நன்றி சொல்ல மறந்துபோனாள். அப்புறம் சொல்லக் கூச்சம். முள் போயும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

டிவியில் பார்த்த மறுநாள் களையெடுக்கப் போனபோது, வரப்பில் சின்னதுரையின் செருப்பு கிடந்தது. அவன் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு டிராக்டரில் சேறடித்துக்கொண்டிருந்தான். கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் செருப்பின் அடியில் நீளமாக ஒரு கருவேல முள்.

செவ்வந்தி சுற்றிலும் பார்த்தாள். முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். செருப்பை ஜோடியாக வைத்துவிட்டுக் களையெடுக்க இறங்கினாள்.